கட்டளையிட்டவரா, செய்து முடித்தவரா? மியூனிக் தீர்ப்புகளும் மருத்துவ உதவியாளர்களின் பொறுப்பும்

ஜெர்மனியின் தென்பகுதி நகரான மியூனிக்கில் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஆண் செவிலியர் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நகரின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்புப் பிரிவில் பணியாற்றியபோது, மருத்துவர் எழுதித் தராத மயக்க மருந்துகளையும் வேறு மருந்துகளையும் நோயாளிகளுக்குச் செலுத்தினார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. இரண்டு கொலைகளும் ஆறு கொலை முயற்சிகளும் நிரூபணமானதாக நீதிமன்றம் கூறியது. நோயாளிகள் உறங்கிவிட்டால் தனக்குத் தொந்தரவு இருக்காது என்பதே அவர் இதற்குச் சொன்ன காரணம்.

அதே நகரின் நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இன்னொருவருக்கும் ஆயுள் தண்டனை வழங்கியிருந்தது. போலந்து நாட்டைச் சேர்ந்த அவர் முழுப் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர். குறுகிய காலப் பயிற்சியை மட்டும் பெற்று, முதியவர்களின் வீடுகளிலேயே தங்கிப் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்தவர். நீரிழிவு நோய் இல்லாத முதியவர்களுக்கு இன்சுலின் ஊசி போட்டு மூவரைக் கொன்றதாக அந்தத் தீர்ப்பு கூறியது. மியூனிக்கை அடுத்துள்ள ஓட்டோபுரூன் என்ற ஊரில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் 87 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தபோதுதான் அவர் கைதானார். அதற்கு முன்பு ஜெர்மனியின் பல ஊர்களில், பல வீடுகளில் அவர் வேலை செய்திருந்தார். ஓரிடத்தில் சந்தேகம் எழுந்த பிறகும் அவரால் இன்னோர் ஊரில், இன்னொரு குடும்பத்தில் வேலைக்குச் சேர முடிந்தது.

இவை இரண்டும் குற்றவியல் வழக்குகள். வேண்டுமென்றே கொலை செய்தவருக்குத் தண்டனை கிடைப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆயினும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நிற்கும் இந்தப் பெரிய உழைப்பாளர் கூட்டத்தின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கேள்வியை இவ்வழக்குகள் ஜெர்மனியில் மீண்டும் எழுப்பியுள்ளன. ஊசி போடுபவர், இரத்தம் எடுப்பவர், மாத்திரை பிரித்து வைப்பவர், தொலைபேசியில் நோயாளியின் பெயரைக் கேட்டுக் கோப்பை எடுப்பவர் என்று இவர்களில் பல வகையினர் உண்டு. நோயாளியைத் தொடும் கைகளில் பெரும்பாலானவை இவர்களுடையவையே.

இக்கேள்வி தமிழர்களுக்கும் புறம்பானதன்று. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக ஜெர்மனிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் மருத்துவர்களின் ஆலோசனை நிலையங்களிலும் பணியாற்றுகின்றனர். இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் செவிலியர்கள் மொழி கற்றுக்கொண்டு அங்கு செல்கின்றனர். அவர்களில் பலரும் அங்கு முதலில் உதவியாளராகவே வேலையைத் தொடங்குகின்றனர்.

யாருடைய பொறுப்பு எது?

ஜெர்மனியில் மருத்துவர் ஒருவரின் ஆலோசனை நிலையத்துக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பவர் மருத்துவ உதவியாளர்தான். மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற இவர்கள் முன்பு "மருத்துவரின் உதவிக்காரர்" என்ற பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டனர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அப்பெயர் "மருத்துவத் துறைப் பணியாளர்" என்ற பொருள்படும் பெயராக மாற்றப்பட்டது. பெயரில் ஏற்பட்ட மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஒருவருக்கு எடுபிடியாக இருப்பவர் என்ற நிலையிலிருந்து தனக்கென ஒரு தொழில் உடையவர் என்ற நிலைக்கு அவர்கள் நகர்ந்ததை அது காட்டுகிறது. தொழில் என்று ஆகிவிட்டால் அதற்குரிய பொறுப்பும் கூடவே வருகிறது.

ஜெர்மானியச் சட்ட வழக்கில் இந்தப் பொறுப்பு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சிகிச்சை தேவையா, எந்த மருந்து, எவ்வளவு, யாரைக் கொண்டு கொடுப்பது என்று தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு. அந்தக் கட்டளையைச் சரியாகச் செய்து முடிப்பது உதவியாளரின் பொறுப்பு. மருத்துவர் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தாலோ, உரிய மேற்பார்வை செய்யத் தவறினாலோ அவர் பதில் சொல்ல வேண்டும். உதவியாளர் ஊசியைத் தவறான இடத்தில் போட்டாலோ, ஒருவருக்குரிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தாலோ அவரே பதில் சொல்ல வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுவே பலருக்கும் தெரியாதது. தன்னால் ஒரு வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதை ஏற்றுக்கொள்வதே அங்கு ஒரு தவறாகக் கருதப்படுகிறது. "டாக்டர் சொன்னார், செய்தேன்" என்பது இங்கே தற்காப்பு ஆகாது. பயிற்சி இல்லாத ஒருவர் நரம்பு வழியாக மருந்து செலுத்துமாறு பணிக்கப்பட்டு, மறுக்காமல் அதைச் செய்து, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், ஏற்றுக்கொண்டதற்காகவே அவர் மீது வழக்கு வரலாம். தன்னால் முடியாது என்று சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. அது அவருடைய கடமை. பணியாளர் பற்றாக்குறை நிலவும் ஒரு வார்டில், இரவு இரண்டு மணிக்கு, மூத்த மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்கே தெரியும். சட்டம் அந்தக் கடினத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மருத்துவர் எந்த நிலையிலும் பிறரிடம் ஒப்படைக்க முடியாத வேலைகளும் உண்டு. நோய் இன்னதென்று கண்டறிவது, சிகிச்சை முறையைத் தீர்மானிப்பது, அறுவைச் சிகிச்சையின் முக்கியப் பகுதி ஆகியவை அவற்றுள் அடங்கும். 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைச் சட்டம், நோயாளிக்குச் சிகிச்சையின் ஆபத்துகளை விளக்கிச் சொல்லும் கடமையையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. சிகிச்சை அளிப்பவரோ அதற்குரிய மருத்துவப் பயிற்சி பெற்றவரோ வாய்மொழியாக அதை விளக்க வேண்டும். வரவேற்பு மேசையில் ஒரு படிவத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று உதவியாளர் சொல்வது விளக்கம் ஆகாது. இந்த வழக்கம் எந்த நாட்டு மருத்துவமனையில் இருந்தாலும் தமிழ் வாசகர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இரகசியம் காப்பது இன்னொரு கடமை. ஜெர்மானியத் தண்டனைச் சட்டத்தின் 203ஆம் பிரிவு, மருத்துவருக்கு உள்ள அதே கடமையை அவருடைய உதவியாளர்களுக்கும் விதிக்கிறது. மீறினால் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறைத் தண்டனை. நோயாளி இறந்த பின்னும் இக்கடமை நீடிக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்ல மறுக்கும் உரிமையும் உதவியாளருக்கு உண்டு. எனினும் அந்த உரிமையைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் பொதுவாக மருத்துவரே. தண்டனை இருவருக்கும் தனித்தனியாக, உரிமை மட்டும் ஒருவர் வழியாக மற்றவருக்கு என்ற இந்த ஏற்பாட்டில் உதவியாளரின் இடம் எத்தகையது என்பது தெளிவாகத் தெரிகிறது.

சிறிய தமிழ்ச் சமூகம் வாழும் நகரங்களில் இரகசியம் காக்கும் கடமை தனிச் சோதனையாகிறது. மருத்துவ நிலையத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கு அங்கு வரும் தமிழ் நோயாளிகள் பெரும்பாலும் தெரிந்தவர்களாக இருப்பர். கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ மறுபடியும் சந்திப்பவர்கள். "அவருக்கு என்ன வருத்தமாம்?" என்ற அக்கறையான கேள்விக்குப் பதில் சொல்லாதிருப்பது ஊர் வழக்கில் இங்கிதக் குறைவாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் பதில் சொல்வதே குற்றம்.

கண்டும் பேசாதவர்கள்

மியூனிக் பல்கலைக்கழக மருத்துவமனை வழக்கில், சந்தேகத்துக்குரிய மருத்துவக் குறிப்புகள் மருத்துவமனைக்குள்ளேயே கவனிக்கப்பட்டுக் காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டன. எல்லா இடங்களிலும் அப்படி நடந்துவிடவில்லை.

பவேரியா மாநிலத்திலேயே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள சோன்டோஃபன் மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் ஒருவர், இருபத்தெட்டு நோயாளிகளின் மரணத்துக்குக் காரணமானவர் என்று 2006ஆம் ஆண்டு நவம்பரில் கெம்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அந்நாளில் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய வழக்கு ஒன்று வடக்கே காத்திருந்தது. ஓல்டன்பூர்க், டெல்மன்ஹோர்ஸ்ட் ஆகிய இரு நகர மருத்துவமனைகளில் பணியாற்றிய நீல்ஸ் ஹோகல் என்ற செவிலியர், 85 கொலைகளுக்காக 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆயுள் தண்டனை பெற்றார். முதல் மருத்துவமனையில் அவர் மீது சந்தேகம் நிலவியபோதும், நற்சான்றிதழ் கொடுத்து அவரை அனுப்பி வைத்தனர். அந்தச் சான்றிதழோடு அவர் இரண்டாவது மருத்துவமனையில் சேர்ந்தார்; அங்கும் கொலைகள் தொடர்ந்தன.

சந்தேகம் இருந்தும் பேசாதவர்களுக்குப் பொறுப்பு இல்லையா என்ற கேள்வி பின்னர் நீதிமன்றத்துக்கே வந்தது. ஹோகலின் முன்னாள் மேலதிகாரிகள் ஏழு பேர் மீது, செயலற்றிருந்து குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் மருத்துவர்களும் செவிலியர் பிரிவின் பொறுப்பாளர்களும் இருந்தனர். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஓல்டன்பூர்க் நீதிமன்றம் ஏழு பேரையும் விடுவித்தது. கொலை நடக்கிறது என்று அறிந்து, அதற்குத் துணைபோகும் எண்ணத்தோடு அவர்கள் வாளாவிருந்தனர் என்பதை நிரூபிக்க இயலவில்லை. கவனக்குறைவுக்கும் உடந்தைக்கும் இடையே சட்டம் வரையும் கோடு அது. அக்கோட்டின் இப்பக்கம் நிற்பவர் சட்டப்படி குற்றமற்றவர்தாம். அறத்தின் பார்வையிலும் அப்படியே கொள்ளலாமா என்பதற்கு அந்தத் தீர்ப்பு விடை தரவில்லை, தரவேண்டிய கட்டாயமும் அதற்கில்லை.

பணியிடத்தில் நடக்கும் முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் ஜெர்மனியில் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. முறைப்பாடு செய்ததற்காக வேலைநீக்கமோ பழிவாங்கலோ கூடாது என்று அது கூறுகிறது. மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனங்கள் முறைப்பாடுகளைப் பெறுவதற்கு ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும். ஆனால் 2020ஆம் ஆண்டு மியூனிக்கில் தண்டிக்கப்பட்டவரைப் போலத் தனி வீடுகளில் தங்கி வேலை செய்வோர் விஷயத்தில் இத்தகைய சட்டங்களால் பெரிய பயன் இல்லை. அங்கே உடன்பணியாளர் என்று யாரும் இல்லை. இருப்பவர்கள் நோயுற்ற முதியவரும், எப்போதாவது வந்துபோகும் பிள்ளைகளும் மட்டுமே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் வரும் இந்தப் பராமரிப்பாளர்கள் இல்லாவிடில் ஜெர்மனியின் முதியோர் பராமரிப்பு நடைபெறாது என்பது எல்லோரும் அறிந்த உண்மை. மருத்துவமனையில் உள்ளதுபோல் அன்றாடம் மேற்பார்வை செய்ய அங்கே யாரும் இல்லை என்பதும் அறிந்ததே.

1965ஆம் ஆண்டின் வழக்கு

"மேலிடத்து உத்தரவு" என்ற வாதம் மியூனிக்கில் முன்பே ஒருமுறை பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. அது மிகவும் கடுமையான பரிசோதனை.

மியூனிக்கின் கிழக்கு எல்லையில் ஹார் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்த எக்ல்ஃபிங்-ஹார் மனநோய் மருத்துவமனையிலிருந்து 1940ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி 25 ஆண் நோயாளிகள் கிராஃபனெக் என்ற இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். வாழத் தகுதியற்றவர்கள் என்று நாஜி ஆட்சி முத்திரை குத்திய மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் ஒழிக்கும் திட்டத்தின் தொடக்கப் படலம் அது. 1942ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி பவேரிய அரசு பிறப்பித்த ஆணையின்படி, வேலை செய்ய இயலாத நோயாளிகளுக்கு உணவு குறைக்கப்பட்டது. ஹாரில் இதற்கென்றே "பட்டினி இல்லங்கள்" இருந்தன. ஆணையில் கையெழுத்திட்டவர்கள் அதிகாரிகள். திட்டத்தை நடத்தியவர்கள் மருத்துவர்கள். தட்டில் உணவைக் குறைத்து வைத்தவர்கள் செவிலியர்களும் உதவியாளர்களும்.

போருக்குப் பின் நடந்த வழக்குகளில் இக்கடைநிலைப் பணியாளர்கள் பற்றி நீதிமன்றங்கள் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. ஹடமார் என்ற இடத்தில் நடந்த கொலைகளுக்காக 1945ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் நடத்திய விசாரணையில், ஆண் செவிலியர்கள் இருவருக்கு மரண தண்டனையும் தலைமைச் செவிலிப் பெண்ணுக்கு 25 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. இன்று போலந்தில் உள்ள மெசெரிட்ஸ்-ஓப்ரவால்டே மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் கொல்லப்பட்டது தொடர்பாக, 1946ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு பெண் மருத்துவருக்கும் ஒரு செவிலிக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் நிறைவேற்றப்பட்டது. மருத்துவருக்கும் செவிலிக்கும் ஒரே தண்டனை. கட்டளையிட்டவர், செய்து முடித்தவர் என்ற வேறுபாட்டை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அதே மெசெரிட்ஸ்-ஓப்ரவால்டே மருத்துவமனையில் பணியாற்றிய பதினான்கு செவிலிப் பெண்கள் மியூனிக்கில் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். மருத்துவர் குறித்துக் கொடுத்த நோயாளிகளைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று, அளவுக்கு மீறிய தூக்க மருந்தைக் கரைத்துக் குடிக்க வைத்ததிலோ, ஊசி போட்டதிலோ அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. நடந்ததைப் பெரும்பாலும் அவர்கள் மறுக்கவில்லை. சிலர், ஊசியைத் தாங்கள் தொடவில்லை, நோயாளியைத் தாங்கிப் பிடித்துக் கோப்பையை வாயருகே வைத்தது மட்டுமே தங்கள் வேலை என்றனர். ஒருவர், தன்னைத் திருடச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், ஏனெனில் அது செய்யக்கூடாத காரியம் என்று தெரியும் என்ற பொருள்பட வாக்குமூலம் அளித்தார். திருட்டு தவறு என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றவர். மருந்துக் கோப்பையில் இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பதைத் தன் பயிற்சிக் காலத்தில் எவரிடமும் கற்காதவர்.

1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் பதினான்கு பேரும் விடுதலை செய்யப்பட்டனர். கீழ்ப்படிதலிலேயே ஊறிப்போனவர்கள், மறுத்தால் தண்டனை கிடைக்கும் என்று அஞ்சியவர்கள் என்ற வாதம் அவர்களுக்குச் சார்பாக நின்றது. மறுத்ததற்காகச் செவிலியர் எவரும் உயிரிழந்ததாகச் சான்று இல்லை என்பதைப் பின்னாள் வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். வேறு பணிக்கு மாற்றும்படி கேட்டு விலகிக்கொண்டவர்கள் இருந்தனர். செவிலியர் தொழிலின் அறநெறி பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதுவோர் இன்றும் இந்த வழக்குக்குத் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சர்வதேசச் செவிலியர் பேரவை 1953ஆம் ஆண்டு தன் முதல் அறநெறித் தொகுப்பை வெளியிட்டது. மருத்துவரின் கட்டளைக்கு விசுவாசமாக இருப்பது செவிலியரின் கடமை என்ற பழைய எண்ணம் அதன் தொடக்க வடிவத்திலேயே காணப்பட்டது. பிந்தைய திருத்தங்களில் அது மறைந்து, நோயாளிக்கே முதல் கடமை என்ற நிலைப்பாடு இடம்பெற்றது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் வரை இதே நிலைப்பாடு தொடர்கிறது. மியூனிக் நகரமோ தன் பங்கிற்கு, கொல்லப்பட்ட அந்நகர மனநோயாளிகளின் பெயர்களை 2018ஆம் ஆண்டு ஒரு நினைவு நூலாக வெளியிட்டது. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

சென்னையிலிருந்து மியூனிக் செல்வோர்

ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமை கேரள அரசின் நோர்க்கா அமைப்புடன் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் செவிலியர் ஆட்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து அங்கு அனுப்புவதில் ஈடுபட்டுள்ளது. இந்தியாவில் நான்காண்டு பட்டப் படிப்பும் பல ஆண்டு அனுபவமும் உடைய செவிலியர், ஜெர்மனியில் தகுதி அங்கீகாரம் கிடைக்கும் வரை பெரும்பாலும் உதவியாளர் நிலையிலேயே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் அது நீளலாம்.

இங்கேதான் மேலே சொன்ன சட்டம் நேரடியாகத் தொடுகிறது. சென்னையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கணக்கான முறை நரம்பு வழி மருந்து செலுத்தியவர், மியூனிக் வார்டில் அந்த இடைக்காலத்தில் அதைச் செய்ய அதிகாரம் இல்லாதவர். உடன்பணியாற்றுபவர் அவசரத்தில், "உனக்குத்தான் தெரியுமே, போட்டுவிடு" என்று சொல்லக்கூடும். கை பழகியிருப்பது சட்டப்படி தகுதி பெற்றிருப்பதற்கு ஈடாகாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள செவிலியர் தொழிற்சட்டம், நோயாளியின் பராமரிப்புத் தேவையைக் கண்டறிதல், பராமரிப்பைத் திட்டமிட்டு நடத்துதல், அதன் தரத்தை மதிப்பிடுதல் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற செவிலியருக்கு மட்டும் ஒதுக்கியுள்ளது. பிறரிடம் அவற்றை ஒப்படைக்க மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அனுமதி இல்லை.

மறுபக்கமும் உண்டு. இந்திய மருத்துவமனைகளில் உறவினரோ ஆயாக்களோ செய்யும் வேலைகள், அதாவது குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தல் போன்றவை, ஜெர்மனியில் செவிலியர் பணியின் உள்ளடக்கம். பட்டம் பெற்றவர்களுக்கு இது மனக்குறையாக இருப்பதுண்டு. ஆனால் படுக்கைப்புண் ஒன்று கவனிக்கப்படாமல் போவது அங்கு வழக்குத் தொடரத்தக்க பராமரிப்புத் தவறு. மொழியும் அவ்வாறே. பணி ஒப்படைப்பின்போது சொல்லப்பட்ட மருந்தளவு சரியாகப் புரியாமல் தலையசைத்துவிடுவது, நம் ஊரில் பணிவு. அங்கு அது பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம்.

உதவியாளர்களின் பயிற்சியிலும் ஜெர்மனியில் குழப்பம் இருந்துவந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் இருபத்தேழு விதமான விதிமுறைகள். அவற்றுக்குப் பதிலாக நாடு முழுவதற்கும் பொதுவான, பதினெட்டு மாதப் பயிற்சியைக் கொண்டுவரும் சட்டத்தை 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2027ஆம் ஆண்டு ஜனவரியில் அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு.

பிரிட்டனிலும் இதே காலத்தில் வேறொரு வடிவில் சர்ச்சை எழுந்தது. மருத்துவர் அல்லாத, ஆனால் மருத்துவரைப் போல நோயாளிகளைப் பார்க்கும் துணைநிலைப் பணியாளர்கள் 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் பொது மருத்துவப் பேரவையின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரப்பட்டனர். 2025ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான லெங் அறிக்கை, அவர்களின் பெயரையே "மருத்துவ உதவியாளர்" என்ற பொருள்படும்படி மாற்ற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தன்னைப் பார்த்தவர் டாக்டரா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஜெர்மனி 2006இல் எந்தச் சொல்லை விட்டு விலகியதோ, அதற்கு நெருக்கமான சொல்லை நோக்கிப் பிரிட்டன் திரும்பியிருக்கிறது.

சாத்தூரும் புதிய தண்டனைச் சட்டமும்

தமிழ்நாட்டில் இக்கேள்வியை வீட்டுக்கு வீடு பேசவைத்தது 2018ஆம் ஆண்டு டிசம்பரில் சாத்தூரில் நடந்த சம்பவம். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்ஐவி கிருமி இருந்தது தெரியவந்தது. சிவகாசி அரசு இரத்த வங்கியில் ஓர் இளைஞர் தானமாகக் கொடுத்த இரத்தம் அது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் அவரே வந்து தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த இளைஞர் அம்மாத இறுதியில் உயிரிழந்தார். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தை தொற்றிலிருந்து தப்பியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

உடனடி நடவடிக்கை ஆய்வக ஊழியர்கள் மூவர் மீது பாய்ந்தது. அவர்கள் தவறு செய்திருந்தால் நடவடிக்கை நியாயமே. ஆனால் அதே இளைஞரின் இரத்தத்தில் தொற்று இருப்பது 2016ஆம் ஆண்டிலேயே பதிவாகியும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்ற தகவல் அப்போது வெளிவந்தது. அது ஓர் ஊழியரின் கைத்தவறு மட்டுமல்ல. பதிவேடு, மேற்பார்வை, தகவல் தெரிவிக்கும் முறை எல்லாம் சேர்ந்து தோற்ற இடம். ஜெர்மானிய வழக்கில் கட்டளையிடுவோரின் பொறுப்பு, நிறுவனத்தின் பொறுப்பு என்று தனித்தனியே விசாரிக்கப்படுபவை, இங்கே கடைசியாகக் குழாயைத் தொட்டவரின் பொறுப்பாகச் சுருங்கிப்போவதைச் சாத்தூர் காட்டியது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை வழங்குகின்றனர். கிராமப்புறத்தில் இத்திட்டத்தின் பயன் மறுக்க முடியாதது. அதே வேளை, அளவீடு தவறினால், எச்சரிக்க வேண்டிய நிலையை அடையாளம் காணத் தவறினால், பொறுப்பு யாருடையது என்பது அந்தத் தன்னார்வலருக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். துணைநிலை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆணையச் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2021ஆம் ஆண்டு நிறைவேற்றியது. ஆய்வகத் தொழில்நுட்பர் முதல் மருத்துவரின் துணையாளர் வரை பலரும் அதன் வரையறைக்குள் வருகின்றனர். மாநிலப் பேரவைகளை அமைக்கும் பணி மெதுவாகவே நகர்ந்துவருகிறது.

இதற்கிடையே, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாட்டைக் கொண்டுவந்துள்ளது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இருந்த இரண்டாண்டு உச்சபட்சத் தண்டனை ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. சிகிச்சை அளிக்கும்போது மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் உச்சவரம்பு இரண்டாண்டு என்று விலக்கு அளிக்கப்பட்டது. பதிவுபெற்ற மருத்துவர் யார் என்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று அப்பிரிவே விளக்கம் தருகிறது. செவிலியரோ ஆய்வக ஊழியரோ மயக்க மருந்துத் தொழில்நுட்பரோ அந்தப் பதிவேட்டில் இல்லை.

பிரிவின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரே அறையில், ஒரே நோயாளியின் மரணத்துக்கு, ஒரே அளவு கவனக்குறைவுக்காக, கட்டளையிட்ட மருத்துவர் இரண்டாண்டு வரையிலும் அதைச் செய்து முடித்த உதவியாளர் ஐந்தாண்டு வரையிலும் சிறை செல்ல நேரலாம்.